‘மாட்டேன்’ என்று சொல்வதன் விலை

எம்மவர் நாலு பேர் கூடியிருந்து வியாபாரம் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு வசனம் எப்படியும் வந்துவிடும்: “தொழில் எண்டு வந்தால் நீதி நியாயம் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.” இதைச் சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். கோவில் திருவிழாவுக்கு உபயம் செய்பவராக இருப்பார். தான் படித்த ஊர்ப் பாடசாலைக்குக் கணினி வாங்கி அனுப்பியவராக இருப்பார். யுத்தத்தில் காலை இழந்த பிள்ளையொன்றுக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவராகவும் இருக்கலாம். வியாபாரிக்குச் சமூகப் பொறுப்பு என்றால், உழைத்த பணத்தில் ஒரு பங்கைப் பிறகு நல்ல காரியத்துக்குக் கொடுப்பது என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம்.

அந்தக் கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனால் படித்தவர்களும் பிழைத்தவர்களும் பலர். ஆனால் நான் இங்கே எழுத விரும்புவது அந்தப் பணம் உழைக்கப்படுகிற நேரத்தைப் பற்றி. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, லொறி வாசலில் நிற்கும்போது, முகாமையாளர் ஒருவர் எடுக்கிற முடிவைப் பற்றி.

ஸ்காபரோவில் உணவுப்பொருட்களைப் பொதிசெய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். முதல் எட்டு ஆண்டுகள் வரிசையில் நின்று பெட்டி அடுக்கினேன். அடுத்த பதினொரு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். மேற்பார்வையாளர் என்பவர் முதலாளியும் அல்ல, தொழிலாளியும் அல்ல. மேலேயிருந்து வருகிற அவசரமும் கீழேயிருந்து வருகிற பயமும் அவரிடத்தில்தான் சந்திக்கின்றன. முகாமைத்துவப் பாடப் புத்தகங்களில் தர்மசங்கடம் என்று எழுதியிருப்பார்கள்: ஒரு பக்கம் இலாபம், மறுபக்கம் நேர்மை, நீ எதைத் தெரிவுசெய்வாய் என்று கேட்பார்கள். வேலைத்தளத்தில் அது அப்படி வருவதில்லை. “இண்டைக்கு மட்டும்” என்று வரும். “இந்த ஓடர் மட்டும் போகட்டும்” என்று வரும். கேட்கிறவர் கொடியவராகவும் இருக்கமாட்டார். அவருக்கும் மேலே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரொரன்ரோவில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள். கிப்ளிங் அவெனியூவில் உயரமான தொடர்மாடி ஒன்றின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. பின்னேரம் வேலை முடிகிற நேரம், பதின்மூன்றாவது மாடி உயரத்தில் தொங்கிய மேடையில் ஆறு பேர் ஏறியிருந்தார்கள். அந்த மேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் தனித்தனி உயிர்காப்புக் கயிற்றில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இருந்தவை இரண்டு கயிறுகள். மேடை நடுவால் உடைந்தது. நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். இன்னொருவர் விழுந்தும் படுகாயங்களோடு பிழைத்தார். கயிற்றில் முறையாகப் பிணைக்கப்பட்டிருந்த ஒருவர் காயமின்றித் தப்பினார். இறந்தவர்கள் எல்லோரும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தளத்தின் மேற்பார்வையாளர்.

திட்ட முகாமையாளரும் அந்த நேரம் அங்கேதான் நின்றார். மேடையில் நிற்பவர்களின் எண்ணிக்கைக்குக் கயிறுகள் போதாது என்பதை அவர் கவனித்திருந்தார். மேற்பார்வையாளரிடம் அதைப் பற்றிக் கேட்டும் இருந்தார். கவலைப்பட வேண்டாம் என்ற மாதிரி ஒரு பதில் கிடைத்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. வேலையை நிறுத்தவில்லை, ஆட்களை இறக்கவில்லை. 2015இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. 2016 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நிறுவனத்துக்கு முதலில் 200,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அது போதாதென்று 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 750,000 டொலராக உயர்த்தியிருந்தது.

இந்தத் தண்டனைகளுக்கு வழிசெய்த சட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1992 மே மாதத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வெஸ்ற்றே என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். அதற்காக ஒரு முகாமையாளர்கூடச் சிறை செல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டுகள் போராடின. அதன் பிறகு 2004இல் கனடாவின் குற்றவியல் சட்டம் மாற்றப்பட்டது. இன்னொருவரின் வேலையை வழிநடத்தும் அதிகாரம் உள்ள எவரும், அந்த வேலையால் ஆட்களுக்குத் தீங்கு வராமல் நியாயமான நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் என்று அது சொல்கிறது. கொம்பனி உரிமையாளருக்கு மாத்திரமல்ல, என்னைப்போன்ற மேற்பார்வையாளருக்கும், உணவகக் குசினியில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற ஒருவருக்கும் அது பொருந்தும்.

கிப்ளிங் அவெனியூ வழக்கைப் பற்றிப் படிக்கும்போது எனக்குள் எழுந்த கேள்வி வேறொன்று. மேடையில் நின்றவர்களுக்கும் கண் இருந்தது. இரண்டு கயிறுதான் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் ஏன் ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை? அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமும் இருந்தது. ஒன்ராறியோவில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை 1970களிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஒரு தொழிலாளி மறுத்தால், மேற்பார்வையாளர் அவரையும் தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதியையும் கூட்டி வைத்துக்கொண்டு உடனே ஆராய வேண்டும். தீராவிட்டால் தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைக்க வேண்டும். இடையில் அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதென்றால், முதலாமவர் ஏன் மறுத்தார் என்பதை அவருக்குச் சொல்லித்தான் கொடுக்கலாம். மறுத்தவரை வேலையால் நிறுத்தவோ தண்டிக்கவோ கூடாது.

சட்டத்தில் இவ்வளவும் இருக்கிறது. அது வேலைத்தளத்தில் எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

2011ஆம் ஆண்டு, நத்தாருக்கு இரண்டு கிழமை முன்னர். எங்கள் பகுதியில் பொதிகளைச் சூடாக்கி ஒட்டுகிற ஓர் எந்திரம் இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு காவல் மூடி. மூடியைத் திறந்தால் எந்திரம் தானாக நிற்கவேண்டும். அதற்கென்று ஒரு சென்சர் பூட்டியிருந்தது. அந்தச் சென்சர் பழுதாகி, மூடி மூடியிருக்கும்போதும் எந்திரத்தை அடிக்கடி நிறுத்திக்கொண்டிருந்தது. புதிய சென்சர் வர இரண்டு நாள் ஆகும். ஓடர் அன்றிரவு போகவேண்டும். திருத்துநர் வந்து அந்தச் சென்சர் வேலை செய்யாதபடி செய்துவிட்டார். மூடி திறந்தாலும் இனி எந்திரம் ஓடும். பெரிய முகாமையாளர் என்னிடம் வந்து, இரவு வேலைக்கு மட்டும் இப்படி ஓடட்டும், கவனமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அந்த எந்திரத்தில் நிற்கவேண்டியவர் ஏஜென்சி மூலம் வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண். வந்து எட்டு மாதம். அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பிள்ளைகள் ஊரில் தாயோடு. அவர் எந்திரத்தைப் பார்த்தார், திருத்துநர் செய்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அக்கா, இதிலை நான் கை வைக்க மாட்டன். எனக்கு ரண்டு பிள்ளையள் இருக்கினம்” என்றார்.

நான் எந்திரத்தை நிறுத்திப் பாதுகாப்புப் பிரதிநிதியைக் கூப்பிட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அப்போது எனக்கு நிரந்தர வேலை, கனடியக் குடியுரிமை, கணவருக்கும் ஒரு வேலை. என்னால் அது முடியும். பிரதிநிதி எழுத்தில் கொடுத்தார். அந்த எந்திரம் இரண்டு நாள் நின்றது. ஓடரில் பாதி பிந்திப் போனது. பெரிய முகாமையாளர் தை மாதம் முழுவதும் என்னோடு வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

அந்தப் பெண்ணை யாரும் தண்டிக்கவில்லை. யாரும் ஏசவில்லை. அடுத்த கிழமை ஏஜென்சி அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நான் ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். “இந்தக் கிழமை ஆட்கள் குறைவாகத்தான் தேவை” என்றார்கள். அதற்கடுத்த கிழமையும் அதே பதில். எங்கள் பகுதிக்கு அவரையே அனுப்பவேண்டும் என்று நானும் பாதுகாப்புப் பிரதிநிதியும் எழுதிக் கொடுத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் வந்தார். பிறகு நல்லாக வேலை செய்தார். ஆனால் அந்த மூன்று கிழமைச் சம்பளத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கேட்பதற்கு வழி இருக்கிறது, தொழில் உறவுச் சபைக்கு முறையிடலாம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வழக்கு முடியாத ஒருவர் இன்னொரு வழக்குப் போடுவாரா?

எந்திரத்தை ஓடவிடக் கூடாது என்ற அந்த முடிவு எல்லோருக்கும் நன்மை செய்தது. எனக்குப் பின்னாளில் பிரச்சினை வராமல் காப்பாற்றியது. பெரிய முகாமையாளரையும் காப்பாற்றியது. கொம்பனியையும் காப்பாற்றியது. அதற்கான விலையைக் கொடுத்தவர் எங்கள் எல்லோரிலும் குறைந்த சம்பளம் வாங்கிய ஒருவர்.

இந்தப் பயம் மிகையானதல்ல. 2016 செப்டெம்பரில் வட ரொரன்ரோவில் பெரிய வெதுப்பகத் தொழிற்சாலை ஒன்றில், மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டிலிருந்து அகதியாக வந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். அவரும் ஏஜென்சி மூலம் வந்தவர்தான். தலையில் அணிந்திருந்த துணி, காவல் சரியாக இல்லாத எந்திரத்தில் சிக்கிக்கொண்டது. கொம்பனிக்கு 300,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதன் பின் ஏஜென்சிகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. 2024 ஜூலை முதல் ஒன்ராறியோவில் இத்தகைய ஏஜென்சிகள் அரச அனுமதிப் பத்திரம் பெற்றே நடத்தப்பட வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் ‘இந்தக் கிழமை ஆட்கள் தேவையில்லை’ என்ற வசனத்தை எந்த அனுமதிப் பத்திரத்தாலும் தடுக்க முடியாது.

‘மாட்டேன்’ என்று சொல்பவரே அதன் விலையையும் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன நடக்கும் என்பதை முழு உலகமும் ஒருமுறை பார்த்தது. பங்களாதேஷ் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவார் என்ற இடத்தில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேல் மாடிகளில் ஐந்து தையல் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23ஆம் திகதி கட்டடத்தில் பெரிய வெடிப்புகள் காணப்பட்டன. எல்லோரையும் வெளியேற்றினார்கள். மறுநாள் வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே போகும்படி சொல்லப்பட்டார்கள். பலர் வாசலில் நின்று மறுத்தார்கள். போகாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். மாத முடிவு நெருங்கியிருந்தது. அன்று அங்கே ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 3,000 டாக்கா, அதாவது ஏறக்குறைய 38 அமெரிக்க டொலர். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் கட்டடம் முழுவதும் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். 2,000க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கி முகாமையாளரும் தொழிற்சாலை முகாமையாளர்களும் வேறு வேறு முடிவு எடுத்தார்கள். முன்னவர் நல்லவர், பின்னவர்கள் கெட்டவர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். வங்கி ஒருநாள் பூட்டினால் வாடிக்கையாளர் நாளை வருவார். தையல் தொழிற்சாலைக்கோ கப்பல் நாள் குறித்திருக்கும். அது தவறினால் சில வேளை விமானத்தில் தன் செலவில் அனுப்ப வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும், அடுத்த ஓடர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். இப்படிச் சொல்வதால் அந்த முகாமையாளர்களின் குற்றம் குறையாது. ஆனால் அவர்களை நெருக்கிய அவசரம் சாவாரில் பிறந்ததல்ல என்பதையும் நாம் பார்க்க வேண்டும். மலிவாகவும் வேகமாகவும் வேண்டும் என்று கேட்ட கடைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தன.

அவற்றுள் ஒன்று நாம் கிழமைக்கு ஒருதரம் போகிற கடை. கனடாவின் லொப்லோ நிறுவனத்தின் ‘ஜோ பிரெஷ்’ உடுப்புகளில் ஒரு பகுதி ரானா பிளாசாவில் தைக்கப்பட்டது. அரிசியும் பாலும் வாங்கப் போகிற சுப்பர்ஸ்ரோரில், அடுத்த வரிசையில் தொங்குகிற பிள்ளைகளின் உடுப்பு அது. என் பிள்ளைகளும் போட்டார்கள். அந்த நிறுவனம் தன் தொடர்பை மறைக்கவில்லை, பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பணமும் கொடுத்தது. அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். அங்கிருந்த தொழிற்சாலைகளுக்கு விபத்துக்கு முன்னரே பரிசோதகர்கள் போய் வந்திருந்தார்கள். ஆனால் கட்டடம் உறுதியானதா என்று பார்ப்பது அவர்களுடைய பணியில் அடங்கியிருக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் ஒன்ராறியோ நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 2017இல் அது தள்ளுபடியானது. 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. பங்களாதேஷ் சட்டமே பொருந்தும், கட்டடத்தின் மேல் கனடிய நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை என்பன நீதிமன்றம் கூறிய காரணங்களில் அடங்கும். சட்டம் அப்படிச் சொல்லலாம். சட்டப்படி பொறுப்பில்லை என்பதும், பொறுப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தையும் சொல்லவேண்டும். 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்ரன் பிறீட்மன் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு, சமூகத்தின் விதிகளுக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே என்பது அவரது வாதம். முகாமையாளர் தனது மனச்சாட்சிக்காக மற்றவர் முதலிட்ட பணத்தைச் செலவிடக்கூடாது என்றார். இன்றும் வியாபாரம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் அன்றிரவு எந்திரத்தை ஓடவிட்டிருந்தால், செலவழிந்திருக்கக்கூடியதும் மற்றவருடையதுதான். பணமல்ல, ஒரு பெண்ணின் கை. அதைச் செலவிடும் உரிமையை முகாமையாளருக்கு யார் கொடுத்தது?

ரானா பிளாசாவுக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 2013 மே மாதத்தில் உடுப்பு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. 200க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. லொப்லோவும் அதில் ஒன்று. 1,600க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் அதன் கீழ் வந்தன. முந்திய வாக்குறுதிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். 2018இல் அப்படி இழுக்கப்பட்ட ஒரு நிறுவனம் 2.3 மில்லியன் அமெரிக்க டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்பந்தத்தில் என்னைக் கவர்ந்தவை மூன்று விடயங்கள். ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பது முதலாவது. திருத்த வேலைக்காகத் தொழிற்சாலை பூட்டப்பட்டால் ஆறு மாதம் வரை தொழிலாளியின் வேலையும் சம்பளமும் தொடரவேண்டும் என்பது இரண்டாவது. பாதுகாப்பாக நடத்துவதற்கு ஏற்ற விலையைத் தொழிற்சாலைக்குக் கிடைக்கச் செய்வது வாங்குகிற நிறுவனத்தின் பொறுப்பு என்பது மூன்றாவது. முதலாவதை மாத்திரம் எழுதியிருந்தால் அது சுவரில் மாட்டுகிற வாசகமாகப் போயிருக்கும். மற்ற இரண்டும் சேர்ந்ததால்தான் அதற்கு உயிர் வந்தது. மறுப்பதன் விலையை மறுக்கிறவர் தலையிலிருந்து இறக்கி, கொடுக்கக்கூடியவர் தலையில் வைத்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம். ரொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் எம்மவர் பலர் இன்று முதலாளிகள். உணவகம், பலசரக்குக் கடை, வெதுப்பகம், துப்புரவு ஒப்பந்தம், கட்டட வேலை, ஏஜென்சி என்று எத்தனையோ. வெறுங்கையோடு வந்து, இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து முதல் சேர்த்து எழும்பியவர்கள். அவர்களிடம் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எங்களுக்குப் பின்னால் வந்த எங்கள் சனங்களே. புதிதாக வந்த ஒருவருக்கு மொழி தெரியாத காலத்தில் முதல் வேலை கொடுத்தவர் எம்மவராகவே இருப்பார். அந்த உதவியை யாரும் மறக்கக்கூடாது.

ஆனால் அந்த உதவியே சிலவேளை ஆளைக் கட்டிப்போடும் கயிறாகிவிடுகிறது. “நான்தான் உனக்கு வேலை தந்தனான்” என்ற வசனத்துக்கு முன்னால் ஒருவர் எப்படி ‘மாட்டேன்’ என்பார்? மணித்தியாலக் கணக்கு இல்லாமல் கையில் காசு கொடுக்கும்போது எப்படி ஓவர்ரைம் கேட்பார்? குசினியில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தரை வழுக்குகிறது என்று சொன்னால், “உன்ர கேஸ் முடியட்டும், பிறகு சட்டம் கதை” என்று பதில் வந்தால் அவர் என்ன செய்வார்? வேலை அனுமதியோடு உள்ள அகதி விண்ணப்பகாரருக்கும், இங்கே பிறந்து குடியுரிமையோடு இருப்பவருக்கும் இந்த மாகாணத்தில் சம்பளச் சட்டமும் பாதுகாப்புச் சட்டமும் ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் முதலில் அவருடைய முதலாளி.

எனக்குத் தெரிந்த ஓர் உணவக உரிமையாளர் தன் பக்கத்தைச் சொன்னார். “அக்கா, நான் எல்லாத்தையும் சட்டப்படி செய்தால் என்ர கொத்துரொட்டி பக்கத்துக் கடையிலும் பார்க்க ரண்டு டொலர் கூட. சனம் பக்கத்துக் கடைக்குத்தான் போகும். நான் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான். அப்ப என்னட்டை நிக்கிற ஆறு பேருக்கும் ஆர் வேலை குடுக்கிறது?” அவர் பொய் சொல்லவில்லை. இதுதான் உண்மையான தர்மசங்கடம். தனியொருவர் நேர்மையாக நடந்து தனியாக நட்டப்படுவது நிலைக்காது. உடுப்பு நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே தாளில் கையெழுத்து வைத்ததற்கும் காரணம் அதுதான். எமது ஊர்களிலெல்லாம் வர்த்தகர் அமைப்புகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் விருந்து வைத்து விருது கொடுக்கிறார்கள். கணக்கெழுதிச் சம்பளம் கொடுப்போம், வேலைக்காரரின் வழக்கைச் சொல்லிப் பயமுறுத்தமாட்டோம், ஆபத்தென்று ஒருவர் வேலையை நிறுத்தினால் அன்றைய சம்பளத்தை வெட்டமாட்டோம் என்று மூன்று வரியில் எல்லோரும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வருவது பெரிய காரியமா? அப்படிக் கையெழுத்திட்ட கடையென்று வாசலில் ஒரு அட்டை இருந்தால், இரண்டு டொலர் கூடக் கொடுக்க ஆயத்தமானவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நான் ஒருத்தி. கொத்துரொட்டியின் மலிவு விலையில் நாங்களும் பங்காளிகள் என்பதால் அந்த இரண்டு டொலரைத் தர்மம் என்று நான் நினைக்கவில்லை. அது பாக்கி.

எங்களுக்கு முன்னால் இந்த நகரத்துக்கு வந்தவர்களும் இதே வழியால்தான் போனார்கள். 1960 மார்ச் 17இல் ரொரன்ரோவின் டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டிய ஐந்து இத்தாலியக் குடியேறிகள் தீயிலும் புகையிலும் அகப்பட்டு இறந்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த கோபத்தால்தான் ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்களின் நினைவாகத் துணியால் செய்த பெரிய சித்திரம் ஒன்று மாட்டியிருக்கிறது. அடுத்தமுறை அந்த வழியால் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாங்கள் இன்று பயன்படுத்துகிற உரிமைகளை ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத குடியேறிகள் தங்கள் உயிரால் வாங்கித் தந்தார்கள் என்று சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைகளில் பலர் இப்போது முகாமைத்துவம் படித்து மேலே போகிறார்கள். ஒருநாள் அவர்களிடமும் யாராவது வந்து, “இண்டைக்கு மட்டும்” என்று சொல்வார்கள். அந்த நேரம் அவர்கள் தங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இங்கே ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் ‘மாட்டேன்’ என்று சொன்னால், நாளைக்கு அவருக்கு என்ன நடக்கும்? அதற்குப் பதில் நல்லதாக இல்லாவிட்டால், அதை நல்லதாக்குவதுதான் முகாமையாளரின் முதல் வேலை. ஓடர் அதற்குப் பிறகு.